வாடகை வீடு: குறைக்கத்தக்க செலவும் குறைக்கத்தகாத செலவும்

பொருளீட்டுதல் ஒரு திறமை. ஈட்டிய பொருளைத் தேயாமற் காத்தல் அதனினும் அரிய திறமை. யாழ்ப்பாணத்தவர் இவ்விரண்டாவது திறமைக்கு நெடுங்காலமாகக் கண்ட வழி நிலமும் வீடுமே. மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து இளைப்பாறியவர்கள் தம் சேமிப்பைக் கொண்டுவந்து கல்வீடு கட்டினர். கொழும்பிற் கடமையாற்றியோர் பிள்ளைகளின் சீதனத்துக்கென வளவு வாங்கினர். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம் பழைய மாணவர்களும் அவ்வழியையே நாடுகின்றனர். சீதனத்துக்கென்று தேடிய வீடு, இன்று வாடகை வருமானத்துக்கென்றும் தேடப்படுகிறது என்பதே வேறுபாடு.

அவ்வருமானத்துக்கு இடமும் உண்டு. 1974ஆம் ஆண்டிலே திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் தோன்றிய நாள் தொட்டு, திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஆகிய ஊர்களில் மாணவர்க்கு அறை வேண்டியிருக்கிறது. வைத்தியசாலை, வங்கி, திணைக்களங்கள் ஆகியவற்றுக்கு மாற்றலாகி வருவோர்க்கு வீடு வேண்டியிருக்கிறது. ஆயினும், வாடகைக்கென வீடு வாங்கியோர் பலர் எதிர்பார்த்த பயனைப் பெற்றாரல்லர். காரணம் யாது? செலவைச் சுருக்குதற்குரிய இடத்தில் விரித்தும், சுருக்கலாகாத இடத்திற் சுருக்கியும் விட்டமையே. எது எவ்விடம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முதலிற் கணக்கு

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் இரண்டு கோடி ரூபா கொடுத்து ஒரு வீடு வாங்கி, மாதம் 70,000 ரூபாவுக்கு வாடகைக்கு விடுகிறார் என்க. ஆண்டுக்கு 8,40,000 ரூபா என்று மனம் கணக்கிடும். அது மனக்கணக்கு, மெய்க்கணக்கு வேறு. ஒருவர் வெளியேறி மற்றொருவர் குடிவரும் இடையில் ஒரு மாதமாவது வீடு வெறுமையாகக் கிடக்கும்; எஞ்சுவது 7,70,000. ஓடு மாற்றல், வெள்ளையடித்தல், நீர்ப்பம்பி திருத்தல் முதலியவற்றுக்கு 1,20,000 ஒதுக்குக. சோலைவரிக்கும் காப்புறுதிக்கும் 40,000. வாடகை அறவிட்டு வீட்டைப் பார்ப்பவருக்கு 50,000. இவை போகக் கைக்கு வருவது 5,60,000 ரூபா. முதலிட்ட பணத்தில் இது நூற்றுக்கு 2.8 வீதமே. வருமான வரி இதற்கு மேலும் உண்டு.

இக்கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் பெறப்படும். முதலாவது, விலை கொடுத்து வாங்கிய வீட்டின் வாடகை பெருஞ் செல்வம் தருவதன்று. ஆதலின் கடன்பட்டு வாடகை வீடு வாங்குதல் ஆபத்தாகும். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் நூற்றுக்கு ஏழு அளவால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றிருந்தோரின் தவணைப் பணம் அதன்பின் எவ்வாறு ஏறியது என்பதை அவர்களே அறிவர். வட்டி ஏறிய வேகத்தில் வாடகை ஏறுவதில்லை.

இரண்டாவது பாடம் இதனினும் முக்கியமானது. உரிமைப் பிணக்கோ குடியிருப்பாளர் பிணக்கோ எழுந்து மூன்றாண்டு வாடகை நின்றுபோனால் இழப்பு 25,20,000 ரூபா. அஃது அவ்வீட்டின் நாலரை ஆண்டு நிகர வருமானம். அப்பிணக்கு எழாதவாறு தடுக்கும் சட்டத்தரணியின் கட்டணமும் நிலஅளவையாளரின் கூலியும் இத்தொகையின் ஒரு சிறு பங்கேயாம். எனவே, உறுதி பார்க்கும் செலவும் குத்தகை எழுதும் செலவும் குறைக்கத்தகாதவை.

2. உறுதி பார்த்தல்

யாழ்ப்பாணத்துக் காணிகளுக்கு ஏனைய மாகாணங்களில் இல்லாத சில இயல்புகள் உள. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவிலே தொகுத்து, ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் உறுதிசெய்த தேசவழமை, பல திருத்தங்களுடன் இன்றும் நம் ஆதனங்களை ஆளுகின்றது. வாங்குவோர் அதில் மூன்று செய்திகளையாவது அறிந்திருத்தல் வேண்டும்.

ஒன்று, விவாகமான பெண்ணின் உரிமை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைத்தானும் கணவனுடைய எழுத்திலான சம்மதமின்றி விற்க இயலாது. இவ்விதி நீதியானதோ என்பது வேறு வழக்கு. அது சட்டமாக உள்ளவரை, கணவனின் கையொப்பமில்லாத உறுதியை நம்பிப் பணம் கொடுத்தலாகாது. அதுபோலவே, விவாக காலத்தில் ஒருவர் விலைக்கு வாங்கிய தேடிய தேட்டத்தை வாங்கும்போது, கணவன் மனைவி இருவரும் கையொப்பமிடச் செய்தல் பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும்.

இரண்டு, முற்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி, கூட்டுரிமையாளருக்கும், விற்பவரின் வழியுரிமையாளராகத் தக்கவருக்கும், பிறருக்கு விற்குமுன் தாமே அதனை வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாது செய்த விற்பனையை அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்த்து வெல்லலாம். அந்நியர் கையிற் காணி போகாதிருக்க முன்னோர் வகுத்த இவ்வரணை அறியாது நுழைபவர், வாங்கியதை இழக்கவும் நேரும்.

மூன்று, பிரிபடாத பங்கு. 'ஆறு பரப்பில் மூன்றிலொரு பங்கு' என்று எழுதிய உறுதி மலிவாக வரும். மலிவுக்குக் காரணம் உண்டு: அந்த மூன்றிலொரு பங்கு கிணற்றடியா, படலையடியா என்பதை எவரும் சொல்ல முடியாது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கிட்டுப் பிரித்த பின்னரே அது தனிக்காணியாகும். அவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். வாடகை வருமானத்தை நாடுவோர் பிரிபடாத பங்கின் பக்கம் செல்லாதிருத்தலே நன்று.

இவற்றோடு, காணிப் பதிவகத்திலே குறைந்தது முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடுவித்தல் வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்கு முதன்மை தருகிறது: முந்திய திகதியிட்ட உறுதியாயினும் பதியப்படாதிருப்பின், பிந்தி விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருடைய உறுதி மேம்படும். ஆதலால், உறுதி முடிந்த அன்றே பதிவுக்குக் கொடுத்தல் கடமை. காணியின் மேல் ஈடோ ஒற்றியோ இருப்பின் அதுவும் இத்தேடலிற் புலப்படும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும் பல குடும்பங்கள் உறுதிகளை இழந்தன. உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்ததாகாது. நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவதால், அங்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதியில் எழுதிய எல்லையும் நிலத்திலுள்ள எல்லையும் ஒன்றா என்பதை நிலஅளவையாளரே சொல்லவேண்டும். கதியால் வேலி ஆண்டுதோறும் அடைக்கப்படுவது. ஆண்டுதோறும் ஒரு சாண் நகரவும் கூடுவது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க. தெருவுக்குப் போகும் ஒழுங்கை அயலவரின் தயவில் இருக்குமாயின் அவ்வீட்டை வாடகைக்கு விடுதல் இடர்ப்பாடாகும்.

கடல்கடந்து வாழ்வோர் இன்னுமொரு சட்டத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள் சட்டம், வெளிநாட்டவர் இலங்கையிற் காணி வாங்குவதைத் தடுக்கிறது. பிறநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமை அற்றுப்போனவரும் அதன்படி வெளிநாட்டவரே. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அத்தடை இல்லை. பெற்றோர் ஆதனம் வழியுரிமையாக வருவதற்கும் தடை இல்லை. இதனை மறைக்கும் பொருட்டு இன்னொருவர் பெயரில் வாங்கிவைப்போர், சட்டத்தின் கண்ணில் அவ்வின்னொருவருக்கே வீட்டைக் கொடுத்தவராவர்.

3. குத்தகை எழுதுதல்

வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பாளருக்கும் இடையிலான சட்டம் நம் நாட்டிற் பலமுறை மாறியுள்ளது. யுத்த காலத்து 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைக்கு அளவு விதித்தது. முற்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்றது. குறித்த சில காரணங்களின்றிக் குடியெழுப்புதலைத் தடுத்தது. அடுத்த ஆண்டிலே வந்த வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கே எல்லை கட்டியது. ஏழைக் குடியிருப்பாளரைக் காத்த இச்சட்டங்கள், வாடகைக்கென வீடு கட்டும் ஊக்கத்தைக் குன்றச் செய்தன என்பதும் உண்மையே. பின்னர் 1980ஆம், 2002ஆம் ஆண்டுத் திருத்தங்கள் பலவகை வீடுகளை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தினின்றும் விலக்கின. ஒரு வீட்டுக்கு அச்சட்டம் பொருந்துமா என்பது, அது கட்டப்பட்ட காலத்தையும் வாடகைக்கு விடப்பட்ட காலத்தையும் பொறுத்தது. இதனைச் சட்டத்தரணியிடம் கேளாது பழைய வீடு வாங்கலாகாது.

குறிப்பாக, குடியிருப்பாளர் உள்ளே இருக்க விலைக்கு வரும் வீட்டை இருமுறை சிந்திக்க. நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டத்திலே குத்தகை விற்பனைக்கு முற்பட்டது என்பது கோட்பாடு. விற்பவர் மாறினாலும் குத்தகை மாறாது. வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவர்.

இனி எழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் சட்டவலு உடையதாகாது. கடையிலே அச்சிட்ட படிவத்தை வாங்கி நிரப்பி, முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டுப் பெட்டியில் வைப்போர், ஈராண்டுக் குத்தகை செய்துகொண்டதாக எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதாரிடமிருந்து இடத்தை மீட்பதற்குச் சுருக்கமான வழக்கு நடைமுறையொன்றை வகுத்துள்ளது. முறைப்படி எழுதிய குத்தகை உடையார்க்கே அதன் பயன் கிட்டும்.

அக்குத்தகையில் வாடகைத் தொகை, கொடுக்கும் நாள், முற்பணம், மின்கட்டணம், எத்திருத்தம் எவர் செலவு, குடியிருப்போர் தொகை, முடிவறிவித்தற் காலம் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு உயரும் என்பதும் எழுதப்படுதல் வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு 69.8ஆக ஏறியது. மாறா வாடகைக்கு நெடுங்காலக் குத்தகை எழுதியவர்கள் சீமெந்தும் ஓடும் புதிய விலைக்கு வாங்கி, வாடகையைப் பழைய விலைக்குப் பெற்றனர். வாடகை பெற்ற ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் இரு திறத்தாருக்கும் காப்பாகும்.

4. நீரும் கட்டடமும்

குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கித் தேங்குவதே நம் கிணற்று நீர். அக்கல் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது; நீர் எளிதில் இறங்குவதுபோல மலகூடக் குழியின் கசிவும் தோட்டத்து உரமும் எளிதில் இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கலந்த செய்தியும், அதுபற்றி 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் யாவரும் அறிந்தவை. எனவே வீடு வாங்குமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்க. தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஆயினும் குழாய்நீர் குறித்த ஒழுங்கைக்கு வந்துள்ளதா என்பதை நேரிற் கண்டே நம்புக.

இரண்டு பரப்பு வளவிலே பத்து மாணவர்க்கு அறை கட்டுவோர், கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி போதுமா என்பதைத் தம் கிணற்றை மட்டுமன்றி அயலவர் கிணற்றையும் கருத்திற் கொண்டு தீர்மானிக்கவேண்டும். நீர் கெட்ட வீட்டிற் குடியிருப்பாளர் நிலையார். அன்றியும் பெற்றோரைப் பிரிந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கெட்ட நீரைக் கொடுத்துப் பெறும் வருமானம் வருமானமன்று.

கட்டடத்திலே குறைக்கத்தக்க செலவுகள் பல உள. வாடகை வீட்டுக்கு விலையுயர்ந்த தரைக்கல்லும் அலங்கார முகப்பும் வாடகையை உயர்த்துவது சிறிது. செலவை உயர்த்துவது பெரிது. பழைய வீட்டின் வைரமேறிய பனஞ்சிலாகைகளைக் கழற்றி எறியாது, பழுதானவற்றை மட்டும் மாற்றுதல் சிக்கனம். ஆனால் கடற்கரையை அண்டிய ஊர்களிற் கம்பியை மூடும் கொங்கிறீற்றின் தடிப்பிலும், மணலின் உப்பிலும் சிக்கனம் பார்த்தலாகாது. சில ஆண்டுகளிற் கம்பி துருப்பிடித்துத் தட்டு வெடிக்கும். நம் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதாதலின், ஆவணி புரட்டாதியில் ஓடும் பீலியும் பார்த்துவிடுக. அக்காலத்திற் சில ஆயிரம் ரூபாவில் முடிவது, கார்த்திகையிற் சுவரையும் மின்னிணைப்பையும் சேர்த்துக் கெடுக்கும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயலையும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிசா புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் எண்ணுவோர், புயல் வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி செய்யத் தயங்கார்.

5. தூர இருந்து பார்த்தல்

உரிமையாளர் அயல்நாட்டில் இருப்பின் அற்றோணித் தத்துவம் ஒருவருக்குக் கொடுக்கவேண்டி வரும். வாடகைக்கு விடவும், அறவிடவும், திருத்தவும் மட்டும் அதிகாரம் கொடுக்க. விற்கவும் ஈடுவைக்கவும் சேர்த்துப் பொது அதிகாரம் கொடுத்தல் வேண்டியதில்லை. பார்ப்பவர் உறவினராயினும் ஒரு சிறு ஊதியம் குறித்து, மாதக் கணக்கும் கேட்டுப் பெறுக. ஊதியமில்லாத உழைப்பு முதலாண்டில் அன்பாகவும், மூன்றாமாண்டிற் சுமையாகவும், ஐந்தாமாண்டிற் பகையாகவும் மாறுதல் உலக வழக்கு.

வீட்டைக் காவலாகப் பார்க்க ஒருவரை வாடகையின்றி இருத்துவோரும் எழுத்தொன்று பெறவேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் உரிமையை ஏற்காது பத்தாண்டு எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம். அனுமதியுடன் புகுந்தவருக்கு அது எளிதன்று. ஆயின் அனுமதியுடனேயே புகுந்தார் என்பதை இருபதாண்டின் பின் யார் சாட்சி சொல்வார்? யுத்த காலத்தில் உரிமையை நாட முடியாதிருந்தோர்க்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாற் சிறப்பேற்பாடு செய்யப்பட்டமையே, இவ்வாபத்து எத்துணைப் பரந்தது என்பதற்குச் சான்று. ஒரு தாளில் இருவர் இட்ட கையொப்பம் பல இலட்சம் ரூபா வழக்கைத் தடுக்கும்.

6. கையில் உள்ள வீடு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு முடிவு தானே தோன்றும். வாடகை முதலீட்டிற் பெருஞ்செலவு விலை. பேராபத்து உரிமை ஐயம். இவ்விரண்டும் மிகக் குறைந்த வீடு எது? தாய் தந்தையர் கட்டி, இன்று பூட்டிக்கிடக்கும் வீடே. அதன் உறுதி வரலாறு குடும்பத்துக்குத் தெரியும், அயல் தெரியும், கிணறு தெரியும். அதனைத் திருத்தப் பதினைந்து இலட்சம் செலவாகி, மாதம் 35,000 ரூபா வாடகை வருமாயின், பதினொரு மாத வாடகை 3,85,000. பராமரிப்புக்கும் வரிக்கும் 1,25,000 கழித்தால் 2,60,000 எஞ்சும். புதிதாக இட்ட பணத்தில் அது நூற்றுக்குப் பதினேழுக்கு மேல். புது வீட்டின் 2.8 வீதத்தோடு இதனை ஒப்பிடுக.

பூட்டிய வீடு தானாகவே அழியும். புகை படாத கூரையிற் கறையான் ஏறும். இறைக்காத கிணறு பாசி பிடிக்கும். ஆலும் அரசும் சுவரில் வேர்விடும். நாற்சார் வீடுகள் பல இவ்வாறே வீழ்ந்தன. இவை பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பணமின்மையன்று. சகோதரர் நால்வர் நான்கு நாடுகளில் இருந்து ஒரு கடிதத்திற் கையொப்பமிடாமையே. யார் திருத்துவது, வாடகையை எவ்வாறு பங்கிடுவது, எவரேனும் விற்க விரும்பின் யாருக்கு முதலிற் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெற்றோர் உள்ளபோதே விடையெழுதி வைக்கும் குடும்பம் ஆதனத்தோடு உறவையும் காப்பாற்றும்.

ஆகவே, முகப்பிலும் அலங்காரத்திலும் குறைக்க, கடனைத் தவிர்க்க, மலிவான பங்குக் காணியை விலக்குக. உறுதித் தேடல், நிலஅளவை, நொத்தாரிசுக் குத்தகை, நீர்ப் பரிசோதனை, மழைக்கு முந்திய திருத்தம் என்னும் ஐந்திலும் கைசுருக்காதிருக்க. இம்மலரை விரிக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும், புதிய வீடு தேடுமுன் தம் பழைய வீட்டின் திறப்பு யாரிடம் உளது என்று விசாரிப்பாராக. அக்கதவு திறக்குமாயின் ஒரு மாணவனுக்கு அறையும், ஒரு குடும்பத்துக்கு நிழலும், உரியவர்க்கு நியாயமான வருவாயும் உண்டாகும்.